வெளியூர் என்று அடித்த சீட்டுகள்

"அண்ணா, நீங்க ஹெல்த்துலதான இருக்கீங்க. நம்ம குழாத் தண்ணி நல்லாருக்கா? நாளன்னிக்குப் பொண்ணு வரா."

பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே கேட்டார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற நேரம். நான் இந்தப் பக்கம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. ரிப்போர்ட்டெல்லாம் நார்மலாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த ரிப்போர்ட்டை எழுதியவன் நான். அது சரியில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். ஒன்பது நாட்களுக்கு முன்பு, அதே குழாய்க்குப் பயந்து, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளைக் குரோம்பேட்டையில் இருந்த என் மைத்துனி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

நான் செய்தது இதுதான். எப்படி அந்த இடத்துக்கு வந்தேன், பிறகு என்ன ஆயிற்று என்பதை இனி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு குடியிருப்பில் கடன் வாங்கி வீடு கட்டிப் பத்து வருடங்கள் ஆகியிருந்தன. வயலை மனை போட்டு விற்ற இடம். வசதி உள்ளவர்கள் கிணறு வெட்டிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குத் தெருக்குழாய்தான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலையில் ஒன்றரை மணிநேரம் தண்ணீர் விடுவார்கள். எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் குழாய்த் தண்ணீர்தான் குடித்தோம்.

சுகாதாரத் துறையில் புள்ளிவிவரம் தொகுக்கும் வேலை எனக்கு. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்த மற்றவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும், வீடு வீடாகப் போகும் நர்ஸ்களிடமிருந்தும் வாரந்தோறும் சீட்டுகள் வரும். நோய், வயது, ஆணா பெண்ணா, முகவரி. அவற்றைப் பிரித்து, எண்ணி, வகுத்து, திங்கட்கிழமை மாலைக்குள் அறிக்கை தரவேண்டும்.

வகுப்பதுதான் என் படிப்பு. பத்துப் பேருக்குக் காமாலை என்றால் அது மட்டும் ஒன்றும் சொல்லாது. அந்தப் பத்துப் பேர் ஒரு தெருவில் இருக்கிறார்களா, ஒரு நகரம் முழுவதிலும் இருக்கிறார்களா என்று கேட்கவேண்டும். மேலே நோயாளிகள், கீழே மக்கள்தொகை. கீழே இருக்கும் கூட்டத்தில் சேராத ஒருவரை மேலே எண்ணக்கூடாது. முதுகலை வகுப்பில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த இந்தப் பாடத்தை நான் வேதவாக்காக வைத்திருந்தேன்.

எங்கள் பகுதி ஆஸ்பத்திரிகளுக்குச் செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அங்கே நடக்கும் சாவுகள் எங்கள் கணக்கில் ஏறி, எங்கள் ஊரே நோயாளி ஊராகத் தெரியும். அதைச் சரிசெய்ய ஒரு படிவம் உண்டாக்கினேன். யார் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்க் கணக்கு. நிரந்தர முகவரி வெளியில் இருந்தால் சிவப்புப் பென்சிலால் சீட்டைக் குறுக்கே அடித்து "வெளியூர்" என்று எழுதுவேன். பிறப்பு இறப்புக்கு அது சரியான முறை, இன்றும் சரிதான். மாவட்டக் கூட்டத்தில் என் அதிகாரி அந்தப் படிவத்தைத் தூக்கிக் காட்டிப் பேசினார். மற்ற அலுவலகங்களுக்கும் அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அவள், "அதான் சொல்லிட்டீங்களே" என்றாள்.

அந்தப் படிவத்தை எல்லா நோய்களுக்கும் வைத்தேன். காமாலைக்கும்.

என் மேசைக்கு எதிரே சுவரில் கிராஃப் தாள் ஒட்டியிருந்தது. முந்தைய வருடங்களில் அந்தந்த வாரம் வழக்கமாக எவ்வளவு வருமோ, அதற்குச் சற்று மேலே பென்சிலால் ஒரு கோடு. ஒரு பகுதியின் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டினால் அதிகாரிக்குத் தனியாகக் குறிப்பு போகும். குழாயை நிறுத்துவார்கள், லாரியில் தண்ணீர் வரும், தெருவைத் தோண்டுவார்கள். தாண்டாவிட்டால் யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை.

ஒரு திங்கட்கிழமை, எங்கள் குடியிருப்புப் பகுதிக்குப் போகும் நர்ஸம்மா சீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். பீர்க்கன்கரணைப் பக்கத்துக்காரர். நடந்தே ஊரை அளந்தவர். வழக்கமாகச் சீட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அன்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடியிருப்பிலிருந்து ஐந்து காமாலைச் சீட்டுகள். மூன்றை அடித்தேன்.

"இன்னா சார், கோடு போட்டுகினே கீறீங்க."

"வெளியூரும்மா. புருஷன் ஊர் அட்ரஸ்."

"அதுங்க மூணும் புள்ளத்தாச்சிங்க சார். அம்மா வூட்டுக்கு வந்துகீதுங்க. நம்ம கொழாத் தண்ணிதான குடிச்சிகினு கீதுங்க."

"இருக்கலாம். கணக்கு அந்தந்த ஊர்லதான் வரணும்."

"அந்த ஊருக்காரன் கைக்கு இந்தச் சீட்டு போவுமா?"

அடுத்த சீட்டை எடுத்தேன். போகாது.

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. வவுத்துல புள்ளய வச்சிகினு நடுவுல நிக்குதுங்க. நல்லாகீது சார் உங்க கணக்கு."

"விதி அப்படிம்மா."

"வெதி இன்னா சார், வந்து தண்ணியா குடிக்கிது?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

அவர் போனபிறகு அடித்த மூன்று சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் குடியிருப்பின் மருமகள்கள் எல்லாம் பிரசவத்துக்குத் தங்கள் தாய்வீடுகளுக்குப் போயிருப்பார்கள். எங்கள் தெருக்களில் இருக்கும் கர்ப்பிணிகள் அநேகமாக எல்லோருமே இங்கே வளர்ந்து, வெளியே கட்டிக்கொடுக்கப்பட்டு, இப்போது திரும்பி வந்திருக்கும் பெண்கள். என் படிவத்தின்படி எங்கள் குடியிருப்பில் கர்ப்பிணியே கிடையாது. ஆக, அங்கே எந்தக் கர்ப்பிணிக்கும் காமாலை வரவும் முடியாது.

மற்றவர்களுக்கு இந்தக் காமாலை பத்துப் பதினைந்து நாள் பத்தியத்தோடு போய்விடும். கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்கள் பாதிப்பேர். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வந்தால் அப்படியில்லை, உயிருக்கே ஆபத்து என்று ஒரு டாக்டர் கூட்டத்தில் சொல்லிக் கேட்டிருந்தேன். ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரு விகிதம் போட்டால் இந்த வேறுபாடு தெரியாது. கர்ப்பிணிகளுக்குத் தனியாகப் போடவேண்டும்.

போட்டேன். நர்ஸம்மாவின் கர்ப்பிணிகள் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பில் அப்போது தங்கியிருந்தவர்கள் பதினான்கு பேர். அதில் மூன்று பேருக்குக் காமாலை. ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் இரண்டு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினேன். வகுக்கவே தேவையிருக்கவில்லை. அந்தப் பதினான்கில் ஒருத்தி என் மகள்.

உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அறிக்கையில் "இயல்பு நிலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை, தண்ணீர் விடுவதற்கு முன்பு, தெருமுனையில் இருந்த வால்வுக் குழியைப் போய்ப் பார்த்தேன். சிமெண்டு மூடி உடைந்து கிடந்தது. குழிக்குள் சாக்கடைத் தண்ணீர் முழங்கால் ஆழம். குழாயின் இணைப்பு அதற்குள் மூழ்கியிருந்தது. தண்ணீர் வரும்போது இணைப்பிலிருந்து குமிழி கிளம்பியது. தண்ணீர் நின்றதும் குழிக்குள் இருந்த தண்ணீர் மட்டம் மெல்ல இறங்கியது. குழாய் அதை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஒரு பெண் கடைசிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னா சார், மீன் கீன் கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை மகளை ஆட்டோவில் ஏற்றினேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். ஜெபம் வைத்து, கண்ணாடி வளையல் போட்டு அவளை அழைத்துவந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. "வந்ததும் வராததுமா எதுக்குப்பா சித்தி வீட்டுக்கு?" என்று கேட்டாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், சுண்ணாம்பு வாசனை ஆகாது என்றேன். அதை நிஜமாக்க வெள்ளையடிக்கவும் செய்தேன்.

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"பக்கத்து வீட்ல சொல்லணுமே. அவங்க பொண்ணும் வரப்போறாளே" என்றாள்.

"சொன்னா தெரு முழுக்கப் பரவும். உனக்கு எப்படித் தெரியும்னு ஆபீஸ்ல கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

"நான் போட்ட ஃபாரம். நானே தப்புன்னு எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் அறிக்கையில சேத்து எழுதிடறேன். தானா சரியாயிடும்."

"அவ வர்றதுக்குள்ள எழுதிடுவீங்களா?"

"எழுதிடறேன். நீ பேசாம இரு."

அவள் பேசாமல் இருந்தாள். எழுதாதவன் நான்.

என் அதிகாரி கடுமையான ஆளல்ல. அவர் தடுத்தார் என்று எழுதினால் எனக்குச் சுலபம். அவரிடம் நான் காட்டவே இல்லை. அடித்த சீட்டுகளைத் திரும்பச் சேர்த்தால் புள்ளி கோட்டைத் தாண்டும். தாண்டினால், போன வாரம் ஏன் தாண்டவில்லை, அதற்கு முந்தைய வாரம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். என் படிவம் மாவட்டம் முழுவதும் போகவிருந்த நேரம். ஒவ்வொரு திங்களும் சிவப்புப் பென்சிலை எடுக்கும்போது அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த நிலையில்தான் பக்கத்து வீட்டம்மா மதிலருகே நின்று கேட்டார். நான் சொன்ன பதிலை முதலிலேயே எழுதிவிட்டேன்.

சொன்னபடி இரண்டு நாளில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். எட்டாம் வகுப்பிலிருந்து எங்களுக்குத் தெரிந்தவள். என் மகளுக்கு ஒரு வயது இளையவள். கை நிறைய வளையல். மதில் வழியாக எட்டிப் பார்த்து, "அங்கிள், அக்கா எங்க? ரெண்டு பேரும் ஒண்ணா வயித்தத் தூக்கிட்டு வாக்கிங் போலாம்னு இருந்தேன்" என்றாள். வெள்ளையடிக்கிறோம் என்றேன்.

"அதுக்கு எதுக்கு நாடு கடத்தினீங்க? எங்க வீட்ல விட்டிருக்கலாம்ல?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முழு உண்மையைச் சொல்லாமல் பாதியைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். நாலைந்து நாள் கழித்து அவள் அம்மாவிடம், "எதுக்கும் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுக் குடும்மா. பொதுவாவே கர்ப்பிணிக்கு நல்லது" என்றேன்.

"எங்கண்ணா. சிலிண்டர் புக் பண்ணி இருபது நாளாச்சு, வந்தபாடில்ல. மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல சோறாக்கவே சரியாருக்கு. தண்ணி நல்லாருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. ஒரு ஜாக்கிரதைக்கு."

"அப்பச் சரி" என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் இரண்டு சிலிண்டர் இருந்தது. ஒன்று முழுசாக மூலையில் நின்றது. அதைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பார் என்று பயந்தேன்.

இதற்கு நடுவில் என் மகளுக்காகவும் நாள் எண்ணினேன். அவள் அந்தத் தண்ணீரை ஒன்பது நாள் குடித்திருந்தாள். கிருமி உடலில் புகுந்தபின் கண் மஞ்சளாக இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். தினமும் ஆபீஸ் விட்டு ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கி மைத்துனி வீட்டுக்குப் போனேன். ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி மகளின் கண்ணைப் பார்ப்பேன். "டாக்டர் மாதிரி என்னப்பா இது" என்று அவள் கிண்டல் செய்வாள். சாப்பாடு பிடிக்கிறதா, குமட்டுகிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று மனைவியை விட்டுக் கேட்கச் சொல்வேன். வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் தாண்டியபோது நான் ஆறுதலாக மூச்சுவிட்டேன். அதே நாட்களில் பக்கத்து வீட்டில் காலையில் குழாயடியிலிருந்து குடம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் நான் ஒரே கண்ணால்தான் பார்த்தேன்.

அந்தப் பெண் வந்து ஐந்து வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. மதிலருகே போனேன்.

"ரெண்டு நாளா ஒண்ணும் தங்கலண்ணா. கடைசி மாசம் சிலருக்கு இப்படி வருமாம்" என்றார் அவள் அம்மா. கையில் கிண்ணத்தில் பச்சையாக ஏதோ அரைத்து வைத்திருந்தார். "எதுக்கும் கீழாநெல்லி குடுக்கலாம்னு. கண்ணு லேசா மஞ்சளா இருக்கற மாதிரி இருக்கு."

நான் உள்ளே போனேன். அந்த வீட்டுக்குள் நான் அப்படிச் செருப்போடு போனதில்லை. அந்தப் பெண் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்ணைப் பார்த்தேன். லேசான மஞ்சள் இல்லை.

"அங்கிள், இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள். சொன்னேன். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள்.

அதற்குப்பிறகு நான் வேகமாகத்தான் இருந்தேன். ஆட்டோ பிடித்தேன். அவள் அப்பா குரோம்பேட்டைத் தொழிற்சாலையில் ஷிஃப்டில் இருந்தார்; அவருக்கு ஆள் அனுப்பினேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்த மாத்திரத்தில் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வேன் பிடித்தோம். பல்லாவரம் தாண்டும்வரை வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் அம்மா மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இதோ வந்துடுச்சும்மா, இதோ வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் புருஷன் ஊர்க்காரர்கள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னை அடையாளம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை அளவு என்றார்கள். பிழைத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மதியம் தாய் இறந்துபோனாள்.

அடுத்த திங்கட்கிழமை நர்ஸம்மா வந்தார். சீட்டுக் கட்டை வைக்காமல் ஒரே ஒரு சீட்டை மட்டும் என் முன்னால் வைத்தார். காமாலை, வயது இருபத்திரண்டு, பெண், கர்ப்பிணி, இறப்பு. நிரந்தர முகவரி என்ற இடத்தில் புருஷன் ஊர்.

"யாருன்னு தெரியும்ல சார்?"

"தெரியும்."

அவர் நகரவில்லை. என் கை பென்சில் பெட்டிக்குப் போனது. அந்த ஒரு சீட்டை மட்டும் அடிக்காமல் விட முடியாது என்று அப்போது தோன்றியது. இதை விட்டால் முந்தைய வாரங்களின் சீட்டுகளையும் விடவேண்டும். எட்டுத் திங்கட்கிழமைகளின் கையெழுத்து என்னுடையது. சிவப்புப் பென்சிலால் மூலைக்கு மூலை கோடு இழுத்தேன். "வெளியூர்" என்று எழுதினேன். எழுத்து கோணவில்லை. அதுதான் இன்றும் என்னைத் தூங்கவிடாதது.

நர்ஸம்மா வெளியே போனார். டீக் கடைக்குப் போகவில்லை. நேரே அதிகாரி அறைக்குள் போனார். கையில் நாற்பது பக்க நோட்டு இருந்தது.

கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். நோட்டு மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தார். குழாய்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒரு வரிசை, சொந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் காமாலை வந்தவர்கள், வராதவர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். வந்து தங்கியிருக்கிறவர்கள், மாமியார் வீட்டிலிருந்து வந்த மகள்கள், விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். குழாய் வரிசையில் நெருக்கமாகக் கோடுகள். கிணற்று வரிசையில் ஒரே ஒரு கோடு.

நான் படித்த புத்தகங்களில் அந்த நாலு கட்டத்துக்குப் பெயர் உண்டு. ஓர் ஆபத்துக்கு உட்பட்டவர்களுக்கு, உட்படாதவர்களைவிட எத்தனை மடங்கு நோய் வருகிறது என்று அதிலிருந்து கணக்கிடுவார்கள். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வேலையில் ஒரு நாளும் போட்டதில்லை.

"யாரு குடிச்சாங்கன்னு கேட்டேன் சார். ஊரு பேரு கேக்கல" என்றார் நர்ஸம்மா, அதிகாரியைப் பார்த்து.

அதிகாரி என்னிடம் கேட்டார்: "உங்க அறிக்கையில ஏன் வரல?"

"நிரந்தர முகவரி விதிப்படி சார். வெளியூர்க்காரங்கள நீக்கிட்டுத்தான்..."

அவர் தலையாட்டினார். "ம். அதுவும் சரிதான்." பிறகு போனை எடுத்தார். மறுநாள் காலை குழாய் நிறுத்தப்பட்டது. லாரி வந்தது. தெருமுனையில் தோண்டினார்கள். அந்த வால்வுக் குழியை மூட ஒரு நாள் வேலைதான் ஆயிற்று.

அதற்குமேல் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விதி என்னைக் காப்பாற்றிவிட்டது. வால்வுக் குழியை நான் முன்பே பார்த்ததும், உறையின் பின்னால் எழுதிய எண்களும், மகளை அனுப்பியதும் யாருக்கும் தெரியாது. நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். பதினான்கு பேர் பதிவேட்டில் என் மகள் பெயருக்கு எதிரே "குரோம்பேட்டை சென்றார்" என்று தேதியோடு எழுதியவர் அவர்தான். ஒருமுறைகூட அதைப்பற்றி என்னிடம் பேசியதில்லை. அதற்குப்பிறகு சீட்டுகளை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினார்.

என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பக்கத்து வீட்டில் அந்தப் பெண் குழந்தையைப் பாட்டியே வளர்த்தார். ஒரு நாள் அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலருகே வந்து, "அன்னிக்கு நீங்க வண்டி புடிச்சு ஓடலன்னா இதுவும் கிடைச்சிருக்காதுண்ணா" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் அதை அடக்கம் என்று நினைத்தார். அந்த நன்றியை முப்பது வருடத்துக்குமேல் வாங்கிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல், தீபாவளிக்குத் தீபாவளி, தட்டில் பலகாரமாக அது மதிலைத் தாண்டி வரும்.

ஞாயிறு ஆராதனையில் சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்வேன். எல்லோருடைய குரலோடும் சேர்த்துச் சொல்லும்போது அது கனப்பதில்லை. என் மனைவி மட்டும் அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் நிற்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. போவதற்கு முன் ஒரு தடவைதான் சொன்னாள்: "நானாவது சொல்லியிருக்கணும்."

போன மாதம் பக்கத்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதுவதற்கு முன் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். நடுவில் குறுக்கிடவில்லை. முடித்ததும் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"உங்க பொண்ண எப்ப அனுப்பினீங்க? என் பொண்ணு வர்றதுக்கு எத்தன நாள் முன்ன?"

"பதினோரு நாள்."

விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என் மனைவியைத்தான் கேட்டார்.

"தெரியும். சொல்லணும்னுதான் சொன்னா. நான்தான் விடல."

தைலப் புட்டியை மூடினார். எழுந்திருக்கச் சிரமப்பட்டார். கை கொடுக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் மதில் பக்கம் அவர் தலை தெரியவில்லை. நேற்று காலை துணி உலர்த்த வந்தார். நான் நின்றேன். என்னைப் பார்க்காமல், கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே பேசினார்.

"எழுதப்போறேன்னு சொன்னீங்களே, எழுதியாச்சா?"

"எழுதிட்டிருக்கேன்."

"அவ பேரு போடாதீங்க. அவ பொண்ணுக்கு நான் சொல்லிக்கிறேன், நீங்க சொல்லக் கூடாது." இன்னொரு துணியை உதறினார். "அவ புருஷன் ஊரும் போடாதீங்க. நம்ம தெருவுல செத்தான்னு எழுதுங்க."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் எங்கள் தெருக்காரி. அந்த வருடம் எங்கள் தெருவில் காமாலையால் இறந்தவர் ஒருவர்.